கீழே கிடந்த தாள்

டவுனுக்குத்தான்க்கா. கண் டாக்டரைப் பாக்கணும். ரொம்ப நாளா எழுத்து மங்கலாத் தெரியுது.

உங்க பொண்ணுக்குக் குழந்தை பொறந்திருக்கா? பொண்ணா? நல்லதுக்கா. மருந்து மாத்திரை எல்லாம் இந்தப் பையிலதான் எடுத்துட்டுப் போறீங்களா? கீழ வைக்காதீங்க, பஸ் ஆட்டத்துல உருண்டுடும்.

நான் டீச்சர். முழு டீச்சர்னு சொல்ல முடியாது. மலையில இருந்து வந்து தங்கிப் படிக்கிற பொண்ணுங்க ஹாஸ்டல் இருக்குல்ல, அங்க சாயந்திரம் டியூஷன் எடுக்கிறேன். தற்காலிகம்தான். எங்க வீட்ல காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். அப்பா செங்கல் சூளையில வேலை. டீச்சர் தகுதித் தேர்வு பாஸ் பண்ணிட்டேன்க்கா, அடுத்த மாசம் சர்டிபிகேட் பாக்கக் கூப்பிடுறாங்க. அது முடிஞ்சா வேலை நிரந்தரம். அதுவரைக்கும் பேர்ல ஒரு கீறல் விழக்கூடாது. அதனால எல்லாத்துலயும் ஜாக்கிரதையா இருப்பேன். ஆனா பொய் மட்டும் சொல்ல மாட்டேன்.

கண் டாக்டர்னு சொன்னது பொய் இல்லைக்கா. கண்ணும் காட்டணும்தான். இன்னைக்கேன்னு இல்லை.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுமா? ஒருத்தருக்கு ஒரு விஷயம் தெரியும்னு வைங்க. அவங்களை யாரும் கேக்கலை. கேக்காததைத் தானாப் போய்ச் சொல்லணுமா? சொல்லாம இருந்தா அது பொய்யா? நான் யோசிச்சுப் பாத்துட்டேன், பொய்யில வராது. நீங்க என்ன நினைக்கிறீங்க?

முழுசாச் சொன்னாத்தான் சொல்ல முடியுமா? அதுவும் சரிதான்.

அந்த ஹாஸ்டல்ல மேனகான்னு ஒரு பொண்ணு. ப்ளஸ் டூ. அவங்க ஊர் மலை மேல, பஸ் நிக்கிற இடத்துல இருந்து ஏறி நடக்கணும். அந்த ஊர்ல ப்ளஸ் டூ வரைக்கும் வந்தது அவ ஒருத்திதான். நல்லாப் படிப்பா. கேள்வி கேட்டா எழுந்து நின்னு மணி மணியாச் சொல்லுவா. ஆனா பரீட்சைத் தாளைக் கையில குடுத்தா போச்சு. கை நடுங்கும், கண்ணு இருட்டும், எழுத மாட்டா. அரையாண்டுப் பரீட்சையில வரலாறு பேப்பரை வெத்தா மடிச்சுக் குடுத்துட்டு வந்துட்டா. அவங்க அப்பா சடையன் வந்து கூட்டிட்டுப் போறேன்னு நின்னார். "வெத்துத் தாள் குடுக்க இங்க எதுக்கும்மா தங்கணும்? கேரளாவுக்கு மிளகு பறிக்க ஆள் கேக்கிறாங்க, இவளும் வந்தா ரெண்டு பேர் ஆச்சு"ன்னார். வார்டன்தான் பொதுப் பரீட்சை வரைக்கும் விடுங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. நான் அப்ப பக்கத்து அறையில இருந்தேன். அவர் என்னைப் பாத்ததில்லை.

அந்த வாரம்தான் நான் ஒரு புத்தகத்தைக் கொண்டு போனேன். என் சொந்தப் புத்தகம்க்கா. பழைய புத்தகக் கடையில வாங்கினது, அட்டை கூட இல்லை. வெளிநாட்டுக் கதை, தமிழ்ல மாத்தி எழுதினது. ஹாஸ்டல்ல பாடப் புத்தகம் தவிர வேற எதையும் வார்டன் விட மாட்டாங்க. கதை படிச்சா பிள்ளைங்க கெட்டுப் போயிடும்னு நினைப்பு. அதனால நானும் பாத்துத்தான் எடுத்தேன். வரலாறுப் பாடத்துல ரெண்டாம் உலகப் போர் வருது. இந்தக் கதையும் அந்தக் காலத்துக் கதை. யாராவது கேட்டா பாடத்துக்குத் துணையா வாசிக்கிறேன்னு சொல்லிக்கலாம். நான் எதையும் யோசிக்காமச் செய்யிறதில்லை.

என்ன கதைன்னா, ஜெர்மனியில ஹிட்லர் ஆட்சி. அவன் பிடிச்ச நாடுகள்ல யூதர்னு ஒரு ஜனம், அவங்களை மட்டும் பிரிச்சு எடுத்து, ஊருக்குள்ளேயே சுவர் கட்டி அடைச்சாங்க. தின்ன ரொட்டி இல்லை. பள்ளிக்கூடம் கிடையாது. பிறகு ரயில்ல ஏத்தி முகாமுக்குக் கொண்டு போய்க் கொன்னாங்க. குழந்தைங்களைக் கூட. லட்சம் லட்சமா. இது கதை இல்லைக்கா, நடந்தது. அப்படி அடைபட்ட இடத்துல இருந்துக்கிட்டே ஒளிச்சு வெச்சுப் புத்தகம் படிச்ச பிள்ளைங்களும் நிஜமாவே இருந்திருக்காங்க. நான் வாசிச்சது அவங்களை வெச்சு ஒருத்தர் எழுதின கதை.

சுவர் கட்டினாங்கன்னு வாசிச்சதும் ஷோபனான்னு ஒருத்தி, வாயாடி, "எங்க ஊர்லயும் ஒரு சுவர் இருக்குது மிஸ், நாங்க அந்தப் பக்கம் போகக்கூடாது"ன்னா. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான், "அது வேற, இது வேற, கதையைக் கேளு"ன்னு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டேன். வேற தானேக்கா? அதைப் பேச ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது.

கதையில ரிவ்கான்னு ஒரு பொண்ணு. பதினாறு வயசு. சோப்புக் கடைக்குக் கீழே ஒரு நிலவறையில நூலகம் நடத்துவா. நூலகம்னா கொஞ்சம் புத்தகம், ஒரு மெழுகுவத்தி, அவ்வளவுதான். புத்தகம் ஒண்ணு, படிக்கக் காத்திருக்கிறவங்க பல பேர். அதனால தையலைப் பிரிச்சுப் பாகம் பாகமாப் பிரிச்சிடுவாங்க. முதல் பாகம் முடிச்சவன் அடுத்தவன்கிட்டக் குடுத்துட்டு ரெண்டாம் பாகத்தை வாங்கிக்கணும். மாட்டிக்கிட்டா உயிர் போயிடும். அதனால எல்லாருக்கும் ஒரே பதில் சொல்லிக் குடுத்து வெச்சிருப்பா. யார் குடுத்ததுன்னு கேட்டா, கீழே கிடந்துச்சு, எடுத்தேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக்கூடாது.

ஷோபனாதான் கேட்டா, "எப்படியும் சாகப் போறாங்க. அப்புறம் எதுக்கு மிஸ் படிச்சுக்கிட்டு?"ன்னு. அடுத்த நாள் பாருங்க, ஒரு இடம் வந்துச்சு. யோசெல்னு ஒரு பையன், மறுநாள் ரயில்ல ஏத்தப் போறாங்கன்னு தெரியும், வந்து கடைசிப் பாகத்தைக் கேக்கிறான். ரிவ்கா எடுத்துக் குடுக்கிறா. குடுத்துட்டு எப்பவும் போல, திருப்பித் தர வேண்டிய தேதியைச் சொல்லி அனுப்புறா. நான் அதை வாசிக்கிறப்போ மேனகா எழுந்து நின்னுட்டா. "பாத்தியாடி ஷோபனா, தேதி சொல்றா பாரு! அவன் வருவான்னு நினைச்சுத்தானே சொல்றா?"ன்னா. "வந்தானா?"ன்னா ஷோபனா. "வரலைன்னா என்ன? போறப்போ அவன்கிட்ட ஒரு தேதி இருந்துச்சுல்ல"ன்னா மேனகா. நான் எம்.ஏ. தமிழ்க்கா. எனக்கு அது தோணலை.

அதுக்கப்புறம் அவ மாறிட்டா. பிள்ளைங்க எல்லாமே மாறிடுச்சுங்க. புத்தகத்தைப் பிரிக்கலாம் மிஸ்னு கேட்டாங்க. நானே தையலைப் பிரிச்சுக் குடுத்தேன். பாடப் புத்தகத்துக்கு பிரவுன் அட்டை போடுறாங்கல்ல, அந்த அட்டைக்குள்ள ஒவ்வொரு பாகமா வெச்சு வார்டன் கண்ணு முன்னாடியே கை மாத்திப் படிச்சாங்க. மேனகா திருப்புதல் தேர்வுல பாதி எழுதினா. அடுத்ததுல முக்கால்வாசி எழுதினா. "கை நடுங்குச்சு மிஸ், நடுங்கிக்கிட்டே எழுதினேன்"ன்னா. அன்னைக்கு நான் எங்க அம்மாகிட்டச் சொல்லி அழுதேன். சந்தோஷத்துலதான்.

இது வரைக்கும் நான் செஞ்சதுல தப்பு இருக்கா? இல்லைல்ல?

அந்தக் கதை முடியற இடத்துல, எல்லாரையும் பிரிச்சுக் கொண்டு போறதுக்கு முன்னாடி, ஆளுக்கு ஒரு தாள் எடுத்துக்குவாங்க. போர் முடிஞ்சதும் எல்லாரும் வந்து சேத்து வெச்சு வாசிக்கணும்னு. ரிவ்கா தன்னோட தாளைச் செருப்புக்குள்ள வெச்சுக்குவா. பரீட்சைக்கு முன்னாடி எங்க பிள்ளைங்களும் கேட்டுச்சுங்க. சரி, ஒரு பிரியாவிடை மாதிரி இருக்கட்டுமேன்னு... ஆளுக்கு ஒரு தாள் போச்சு.

போச்சுன்னா, நான்தான் குடுத்தேன். ஒவ்வொருத்தி கையிலயும் நானே குடுத்தேன். மேனகாகிட்டக் குடுக்கிறப்போ, "பயம் வந்தா இதைத் தொட்டுக்கோ"ன்னு சொன்னேன். பரீட்சை ஹாலுக்குள்ள கொண்டு போன்னு சொன்னேனா? சொல்லவே இல்லைக்கா. பையில வெச்சுக்கிட்டு, ஹாலுக்கு வெளிய தொட்டுட்டுப் போவாங்கன்னு நினைச்சேன். மத்த பிள்ளைங்க எல்லாம் அப்படித்தான் பண்ணுச்சுங்க.

இவ தலைப் பின்னல்ல வெச்சுட்டா. ரெட்டைப் பின்னலை மடிச்சு ரிப்பன் கட்டுறாங்கல்ல, அந்த மடிப்புக்குள்ள சுருட்டி வெச்சுட்டா. செருப்பைத்தான் வெளிய விட்டுட்டுப் போகணுமே.

தமிழ்ப் பரீட்சை எழுதினா, இங்கிலீஷ் எழுதினா, ஒண்ணும் ஆகலை. வரலாறு அன்னைக்கு காப்பி அடிக்கிறவங்களைப் பிடிக்கிற ஸ்குவாடு வந்துச்சு. அவ அடிஷனல் ஷீட் வாங்கி வாங்கி எழுதிட்டு இருந்திருக்கா. எழுதறப்போ நடுவுல நடுவுல பின்னலைத் தொட்டிருக்கா. சோதனை போடுற அம்மா பின்னலைப் பிடிச்சுப் பாத்தாங்க, காகிதம் மொறுமொறுன்னுச்சு. எடுத்துப் பிரிச்சா யூதர், முகாம், ரயில், போர். வரலாறு பேப்பர்ல அன்னைக்கு அந்தப் பாடத்துல இருந்தே கேள்வி வந்திருக்கு. பிட்டுன்னு எழுதிட்டாங்க. அவங்க மேலயும் தப்புச் சொல்ல முடியாது. அரையாண்டுல வெத்துத் தாள் குடுத்தவ இப்ப பக்கம் பக்கமா எழுதினா யாரா இருந்தாலும் சந்தேகப்படத்தான் செய்வாங்க.

பாடத்துக்குத் துணைன்னு சொல்லிக்கலாம்னுதான் நான் அந்தக் கதையையே எடுத்தேன். வேற ஏதாவது ராஜா ராணிக் கதையா இருந்திருந்தா பாத்துட்டுத் தூக்கிப் போட்டிருப்பாங்க. அதை நினைச்சாத்தான்... தண்ணி இருக்காக்கா? குடுங்க.

யார் குடுத்ததுன்னு கேட்டிருக்காங்க. கீழே கிடந்துச்சு, எடுத்தேன்னு சொல்லியிருக்கா. திரும்பத் திரும்பக் கேட்டும் அதே பதில். கொஞ்சம் நம்புற மாதிரியாவது சொல்லியிருக்கலாம். கீழே கிடந்தது எப்படிப் பின்னலுக்குள்ள போகும்? பிடிவாதம் பிடிச்ச பொண்ணு. என் பேரைச் சொல்லியிருந்தா என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பாங்க. கேட்டா நான் மறைச்சிருக்கவே மாட்டேன். சொல்லாதேன்னு நான் அவகிட்டச் சொல்லவும் இல்லை. அவ ஊருக்குப் போனப்புறம் போன் பண்ணினேன், "தைரியமா இரு மேனகா"ன்னேன். "நீங்க பயப்படாதீங்க மிஸ்"ன்னா. நான் எதுக்குப் பயப்படணும்?

வார்டன் எல்லாப் பிள்ளைங்களையும் வரிசையா நிக்க வெச்சுக் கேட்டாங்க. யாருக்கும் தெரியலையாம். அந்த வாயாடி ஷோபனா கூட, "எங்களுக்கு என்ன மேடம் தெரியும்"னு நின்னா. நானும் அங்கதான் ஓரமா நின்னேன். பிள்ளைங்க மறந்திருக்கும், பரீட்சை நேரம் பாருங்க. வார்டன் என்னைக் கேக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். என் பக்கம் திரும்பி, "நீ நல்ல பிள்ளையா இருக்கே, இதுங்களுக்கு எவ்வளவு சொல்லிக் குடுத்தாலும் இப்படித்தான்"னாங்க. நான் என்ன பதில் சொல்றது? அது கேள்வி இல்லையே.

இன்னைக்குப் பதினோரு மணிக்கு அவளைக் கல்வி ஆபீஸ்ல விசாரிக்கிறாங்க. இன்னைக்கு என்ன சொல்றாளோ அதை வெச்சு முடிவு. பிட்டுதான்னு முடிவானா இந்த வருஷம் எழுதினது மொத்தமும் செல்லாது, திரும்ப எழுதவும் கொஞ்ச காலம் விட மாட்டாங்கன்னு பேசிக்கிறாங்க. அதுக்குள்ள அவங்க அப்பா கேரளா கூட்டிட்டுப் போயிடுவார். போனவங்க படிக்கத் திரும்பி வந்ததா நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தப் பையிலதான் மிச்சப் புத்தகம் இருக்கு. அவ தாளை எடுத்த இடம் தெரியுது, முன் பக்கம் பின் பக்கம் எண் இருக்கு. இதைக் கொண்டு போய் வெச்சு, ஐயா இது கதைப் புத்தகம், பாடக் குறிப்பு இல்லை, நான்தான் குடுத்தேன்னு சொன்னா அவ தப்பிக்க வழி இருக்கு. ஆனா நான்? பரீட்சைக்கு முந்தி ஒரு டீச்சர் பிள்ளைங்க கையில தாள் குடுத்தாங்கன்னு எழுதினா படிக்கிறவங்களுக்கு அது என்னவாத் தெரியும்? அடுத்த மாசம் என் ஃபைலைத் திறக்கிறவங்க கதையெல்லாம் கேப்பாங்களா? எங்க அப்பா சூளையில நெருப்புப் பக்கம் நின்னே நுரையீரல் போச்சுக்கா. எங்க அம்மா காலையில கூட, "எந்த வம்புலயும் மாட்டிக்காத தாயி"ன்னுதான் அனுப்பினாங்க. அவங்ககிட்டயும் கண் டாக்டர்னுதான் சொன்னேன்.

அதனாலதான் ஒரு யோசனை. ஆபீஸ் வாசல் வரைக்கும் போறேன். புத்தகத்தைப் பேர் எழுதாம ஒரு கவர்ல போட்டு உள்ளே குடுத்து அனுப்பிட்டா? பேர் இல்லாம வந்தாலும் புத்தகம் புத்தகம்தானே. அவளும் தப்பிச்ச மாதிரி ஆச்சு, எனக்கும் ஒண்ணும் இல்லை. ஏன்க்கா அப்படிப் பாக்கிறீங்க? யார் அனுப்பினதுன்னு தெரியாத புத்தகத்தை எடுத்துக்க மாட்டாங்களா? யார் குடுத்து அனுப்பினாங்கன்னு கேப்பாங்களா என்ன? ...கேப்பாங்க. யாராவது வெளியில இருந்து உதவுறாங்கன்னு இன்னும் சந்தேகம்தான் கூடும். சரி. அதுவும் சரிதான்.

பஸ் எங்க நிக்குது? பாறைமேடா?

அக்கா, திரும்பாதீங்க. முன் வாசல்ல ஏறுறாங்க பாருங்க, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒருத்தர். சடையன் ஐயா. பின்னாடி அவதான். எட்டரை பஸ்லயே போயிருப்பாங்கன்னு நினைச்சுத்தான் நான் இந்த பஸ்ல ஏறினேன். பாத்துட்டா. என்னைப் பாத்துட்டாக்கா. நேரா என் முகத்தைப் பாத்துட்டு, இந்தக் கம்பியைப் பாக்கிற மாதிரி பாத்துட்டுத் திரும்பிக்கிட்டா. கோபம் போல இருக்கு. இருக்காதா பின்னே? எத்தனை நாள் ஒரு வார்த்தை...

இல்லை. கோபம் இல்லை இது.

அந்தக் கதையில ஒரு இடம் வருதுக்கா. உங்ககிட்டச் சொல்லலை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பளை இருப்பா. யூதர் இல்லை, சும்மா இருந்தா அவளுக்கு ஒரு ஆபத்தும் கிடையாது. அவதான் புத்தகங்களை ஒளிச்சுக் கொண்டு வந்து ரிவ்காவுக்குக் குடுக்கிறது. கடைசியில ரிவ்காவை ரயிலுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போறப்போ, அந்தப் பொம்பளை தெரு ஓரத்துல நிக்கிறா. ரிவ்கா அவளைப் பாக்கிறா, தெரியாத மாதிரி தலையைத் திருப்பிக்கிறா. பாத்தா அவளையும் பிடிச்சிடுவாங்கல்ல. "அந்த இடத்தைத் திரும்பப் படிங்க மிஸ்"னு கேட்டது மேனகாதான். நானும் திரும்பப் படிச்சேன். குரலை ஏத்தி இறக்கி, நல்லாப் படிச்சேன்.

கீழே கிடந்துச்சு, எடுத்தேன். எல்லாப் பிள்ளைங்களுமா சேந்து... மறக்கலை. ஒருத்தி கூட மறக்கலைக்கா.

என்னங்கய்யா? ஆமாங்க, டவுனுக்குப் போகும். கல்வி ஆபீசா? பெரிய ஆஸ்பத்திரிக்கு அடுத்த ஸ்டாப்.

கேட்டீங்களாக்கா? "அவங்களை ஏம்ப்பா தொந்தரவு பண்றீங்க, கண்டக்டரைக் கேட்டுக்கலாம் வாங்க"ங்கிறா. அவங்களாம். மிஸ்னு வாயில வரலை பாருங்க. முகத்துல ஒண்ணுமே இல்லை. கை மட்டும் நடுங்குது. கம்பியைப் பிடிச்சிருக்கிற அந்தக் கையைப் பாருங்க.

கொஞ்சம் நகருங்கக்கா. நான் எழுந்துக்கணும்.

ஐயா, இங்க வந்து உட்காருங்க. எனக்கு வேண்டாம், நான் நிக்கிறேன். நான் ஹாஸ்டல்ல பாடம் எடுக்கிறவ, பேரு அருள்செல்வி. உங்க பொண்ணுகிட்ட எடுத்தாங்களே ஒரு தாள், அதைக் குடுத்தது நான். ஆமாங்கய்யா, நான்தான். இத்தனை நாள் ஏன் வரலைன்னு கேளுங்க, பதில் சொல்றேன். சத்தமாக் கூடக் கேளுங்க, பரவாயில்லை.

நீ தலையாட்டாதே மேனகா. பேசாம இரு. மிஸ் பேசிட்டு இருக்கேன்ல?